வால்வு மாற்றிய பின் வீட்டார் கடமை



ரமளான் நெருங்கும் நாட்களில் இப்பகுதிக்கு வரும் மடல்களில் ஒரு வினா ஆண்டுதோறும் தவறாமல் இடம்பெறுகிறது. “என் மனைவிக்கு இதய வால்வு மாற்றியிருக்கிறார்கள், நோன்பு நோற்கலாமா?” என்று ஒருவர் கேட்பார். “தாயாருக்கு வைத்திருக்கும் வால்வு பன்றியின் உறுப்பு என்கிறார்களே, தொழுகை கூடுமா?” என்று வேறொருவர் கேட்பார். கேட்பவர்கள் எதிர்பார்ப்பது ‘கூடும்’ அல்லது ‘கூடாது’ என்னும் ஒற்றைச் சொல். ஆனால் நோயாளியின் உடல்நிலை, அவர் உண்ணும் மாத்திரை, அவரைப் பேணும் வீட்டாரின் அறிவு ஆகிய மூன்றையும் அறியாமல் சட்டநூலை மட்டும் விரித்து வைத்து இவற்றுக்கு விடை கூற இயலாது. ஆகவே இம்மாதம் சட்டத்தையும் பராமரிப்பையும் ஒருசேர எழுத முனைகிறேன். அறுவைச் சிகிச்சை ஒரு நாளில் முடிந்துவிடும். அதன் பயன் நிலைத்திருப்பதோ அதன்பின் வீட்டில் கழியும் ஆயிரக்கணக்கான நாட்களைப் பொறுத்தது. இதுவே இக்கட்டுரையின் சாரம்.

நான்கு கதவுகள்

இதயம் நம் கைமுட்டி அளவேயுள்ள தசைப்பை. ஒரு நாளில் ஏறத்தாழ 1,00,000 தடவை துடிக்கிறது. அதன் நான்கு வால்வுகளும் இரத்தத்தை முன்னோக்கி மட்டுமே செல்ல விடுகின்ற கதவுகள். கதவு முழுமையாகத் திறவாது சுருங்கிப்போனால் இரத்தம் பின்னே தேங்கும். நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். கதவு சரியாக மூடாவிடில் வெளியே தள்ளிய இரத்தம் திரும்பவும் உள்ளே கசியும். ஒரே வேலையை இருமுறை செய்து இதயம் பருத்துத் தளரும்.

செல்வ நாடுகளில் முதுமையில் சுண்ணாம்புச் சத்துப் படிந்து வால்வு இறுகுவதே மிகுதி. நம் நாட்டிலோ சிறுவயதில் வந்த ரூமாட்டிக் காய்ச்சல் இன்றளவும் பெருங்காரணமாக இருந்து வருகிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமியால் தொண்டைப்புண் வந்த பிள்ளைக்கு, சில வாரங்கள் சென்றபின் மூட்டுகள் வீங்கிக் காய்ச்சல் காணும். 5 முதல் 15 வயதுக்குள் வருவதே அதிகம். மூட்டு வீக்கம் தானே வடிந்துவிடும். ஆனால் அக்காய்ச்சல் வால்வில் விட்டுச்சென்ற தழும்பு வடியாது. பல ஆண்டுகளுக்குப் பின் அது நோயாக வெளிப்படும். மிட்ரல் வால்வுச் சுருக்கம் ஆண்களைவிடப் பெண்களுக்கே கூடுதலாக வருகிறது. திருமணமாகிக் கருவுற்ற நிலையில்தான் பலருக்கு முதன்முதலாக மூச்சு வாங்குகிறது. உலகில் 4 கோடிக்கும் மேற்பட்டோர் ரூமாட்டிக் இதய நோயுடன் வாழ்கின்றனர். 2018 மே மாதத்தில் உலக சுகாதாரப் பேரவை இந்நோயைத் தடுப்பதற்கென்றே ஒரு தீர்மானம் நிறைவேற்றியது.

இக்காய்ச்சல் கண்டவர்களுக்கு மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போடுவர். நோய் திரும்பத் தாக்கி வால்வை மேலும் சிதைக்காதிருக்கவே அது. பல ஆண்டுகள் தொடரவேண்டிய இந்த ஊசியை, ‘பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறான்’ என்று இடையில் நிறுத்திவிடுவது நம் வீடுகளில் நிகழும் முதல் தவறு.

நம் அருகிலேயே மருத்துவம்

ரெட்டியார்பாளையம், மூலக்குளம், சுல்தான்பேட்டை ஆகிய பகுதிகளில் வாழும் நமக்குக் கோரிமேட்டிலுள்ள ஜிப்மர் மருத்துவமனை தொலைவிலில்லை. 1823 இல் பிரெஞ்சு ஆட்சியில் தொடங்கிய மருத்துவப் பள்ளியே இதன் வேர். 1964 இல் ஜவாஹர்லால் நேருவின் பெயர் பெற்றது. 2008 இல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று. புதுவையினர் மட்டுமின்றி விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் ஏழை மக்களும் இதய சிகிச்சைக்கு இதையே நாடி வருகின்றனர்.

சுருங்கிய மிட்ரல் வால்வைப் பலருக்கு மார்பைத் திறவாமலேயே விரிக்கலாம். தொடையிலுள்ள இரத்தக் குழாய் வழியே சிறு பலூனைச் செலுத்தி, வால்வினுள் அதை ஊதிப் பெருக்கும் இம்முறையை ஜப்பானிய மருத்துவர் கான்ஜி இனோவே உருவாக்கி, 1984 இல் உலகுக்கு அறிவித்தார். முதியவர்களின் அயோர்ட்டிக் வால்வைக் குழாய் வழியாகவே மாற்றும் முறையை 2002 இல் பிரான்சின் ரூவான் நகரில் மருத்துவர் அலென் கிரிபியே முதன்முறை செய்து காட்டினார். பிரான்சில் உறவினரை உடைய புதுவை, காரைக்கால் குடும்பத்தார் பலர் இதைக் கேள்வியுற்றிருக்கலாம்.

பழுது மிகுந்துவிட்டால் வால்வையே மாற்ற வேண்டும். 1960 இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஆல்பர்ட் ஸ்டார் என்ற அறுவை மருத்துவரும் லோவெல் எட்வர்ட்ஸ் என்ற பொறியாளரும் ஆக்கிய செயற்கை வால்வு நோயாளிகளுக்குப் பொருத்தப்பட்டது. வெளிநாட்டு வால்வின் விலை நம் ஏழைகளுக்கு எட்டாதிருந்தது. திருவனந்தபுரத்திலுள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் டாக்டர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் பொறியாளர்களும் மருத்துவர்களும் பல்லாண்டு முயன்றனர். தொடக்கத்தில் செய்த வடிவங்கள் தோல்வி கண்டன. எனினும் அவர்கள் தளரவில்லை. 1990 டிசம்பர் 6 அன்று அவர்கள் ஆக்கிய ‘சித்ரா’ வால்வு முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. உலோக வளையத்துள் பிளாஸ்டிக் வட்டு ஒன்று சாய்ந்து திறந்து மூடும் எளிய அமைப்பு அது. 2024 இல் மறைந்த அப்பெருந்தகையின் உழைப்பால் இன்று எத்தனையோ இல்லங்களில் விளக்கு எரிகிறது.

பன்றி வால்வு பற்றிய ஐயம்

மாற்று வால்வுகள் இருவகை. உலோகம், கார்பன், பிளாஸ்டிக் முதலியவற்றால் ஆனவை நெடுங்காலம் உழைக்கும். ஆனால் ஆயுள் முழுவதும் இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை உண்ண வேண்டும். விலங்குத் திசுவால் ஆனவற்றுக்கு அம்மாத்திரை பெரும்பாலும் சில மாதங்களே தேவைப்படும். ஆனால் அவை பெரும்பாலும் 10 முதல் 15 ஆண்டுகளில் தேய்ந்துவிடும். இளவயதினருக்கு அதற்கும் முன்பே. திசு வால்வுகளில் மாட்டின் இதய உறையால் செய்தவையும் உண்டு. பன்றியின் வால்வால் செய்தவையும் உண்டு. எனவே அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் நம் ஐயத்தைப் பணிவாகச் சொல்லி வேறு வகை பொருந்துமா எனக் கேட்பது நலம். கேட்பதில் நாணம் வேண்டியதில்லை.

வேறு வழியில்லாத நிலையில் உயிர்காக்கும் தேவைக்காக அதைப் பொருத்திக்கொள்ள அறிஞர் பெருமக்கள் பலர் அனுமதித்துள்ளனர். விலக்கப்பட்டவற்றை எண்ணிக் கூறும் திருமறையின் 2:173 ஆம் வசனமே, வரம்பு மீறும் எண்ணமின்றி நிர்ப்பந்தத்துக்கு உள்ளானவர் மீது குற்றமில்லை என்றும் எடுத்துரைக்கிறது. இதய அறுவையின்போது இரத்தம் உறையாதிருக்கச் செலுத்தும் ஹெப்பரின் என்ற மருந்தும் பெரும்பாலும் பன்றிக் குடலிலிருந்தே எடுக்கப்படுகிறது. அதற்கும் இதே விதி பொருந்தும். ஏற்கனவே பொருத்தப்பட்டுவிட்ட தாயாரிடம் போய், “உங்கள் தொழுகை கூடுமோ என்னவோ” என்று ஐயத்தை விதைப்பவர், நோயாளியின் நெஞ்சில் இரண்டாவது காயத்தை உண்டாக்குகிறார். அவருடைய தொழுகை தாராளமாகக் கூடும்.

வீடு திரும்பிய முதல் மூன்று மாதம்

அறுவையின்போது மார்பெலும்பை நடுவே பிளந்து பின் கம்பியால் இணைத்திருப்பார்கள். அது கூடுவதற்கு 6 முதல் 12 வாரங்கள் ஆகும். அதுவரை நோயாளி தண்ணீர்க் குடத்தையோ, பேரப்பிள்ளையையோ, அரிசிப் பையையோ தூக்கலாகாது. இரு சக்கர வாகனம் ஓட்டலாகாது. எழுப்பி உட்கார வைக்கும்போது கைகளைப் பற்றி இழுக்காமல், முதுகுக்குப் பின்னே கைகொடுத்துத் தாங்கி எழுப்ப வேண்டும். இருமல் வரும்போது சிறு தலையணை ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டால் வலி குறையும். தையலில் சிவப்பு, சீழ், வாடை, எலும்பு நகர்வது போன்ற ‘டக்’கென்ற உணர்வு ஆகியவை தோன்றினால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நோயாளியை நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிம் மற்றொரு முஸ்லிமுக்குச் செய்யவேண்டிய கடமை என்பதை நாம் நன்கறிவோம். ஆனால் வேன் அமர்த்திக்கொண்டு பத்துப்பேர் திரண்டு வந்து, கட்டிலைச் சுற்றி அமர்ந்து, இன்னார் இதே நோயால் இறந்த கதையைப் பேசிக்கொண்டிருப்பது நலம் விசாரிப்பாகாது. ஓரிருவராக வந்து, கைகளைக் கழுவி, நல்வார்த்தை சொல்லி, துஆச் செய்து, விரைவில் விடைபெறுவதே அழகு. இருமலும் சளியும் உள்ளவர் தொலைபேசியில் கேட்டால் போதும்.

அறுவைக்குப் பின் சில வாரங்கள் நோயாளி காரணமின்றி அழலாம், சினம் கொள்ளலாம், உறக்கமின்றித் தவிக்கலாம். இது பலருக்கு வருவது. இதைக் கண்ணேறு என்றும் ஷைத்தானின் தீண்டல் என்றும் கூறி, தகடும் தாயத்தும் தேடி அலைய வேண்டாம். பொறுமையாகப் பேசுங்கள், மாலையில் சிறிது தூரம் நடக்கச் செய்யுங்கள், சோர்வு நீங்காவிடில் மருத்துவரிடம் கூறுங்கள்.

உலோக வால்வு பொருத்திய உடலிலிருந்து, அமைதியான இரவில் கடிகாரம் போன்ற மெல்லிய ஒலி கேட்கும். சிலர் அதைக் கேட்டு அஞ்சுவர். வால்வு திறந்து மூடும் ஓசையே அது. அந்த ஓசை திடீரென மங்கினாலோ, நின்றுபோனது போலத் தோன்றினாலோதான் அஞ்ச வேண்டும். அப்போது ஒரு நொடியும் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அந்தச் சிறு மாத்திரை

உலோக வால்வில் இரத்தம் பட்டால் உறையும். உறைந்த கட்டி வால்வையே அடைக்கலாம். மூளைக்குச் சென்று பக்கவாதத்தையும் உண்டாக்கலாம். அதைத் தடுப்பதே வார்ஃபரின், அசிட்ரோம் முதலிய மாத்திரைகளின் பணி. “எலி மருந்தை உண்ணச் சொல்கிறார்கள்” என்று இதைப் பற்றி ஒரு பேச்சு உலவுகிறது. அதில் பாதி உண்மை உண்டு. கெட்டுப்போன தீவனத்தைத் தின்ற மாடுகள் இரத்தம் கசிந்து மடிந்ததை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர்கள் இவ்வகைப் பொருளைக் கண்டறிந்தனர். முதலில் எலிகளைக் கொல்லப் பயன்பட்டது. 1954 இல் மனிதருக்கு மருந்தாக ஏற்கப்பட்டது. அளவறிந்து கொடுத்தால் உயிர் காப்பதும், அளவு மீறினால் உயிர் பறிப்பதும் பல மருந்துகளுக்கும் பொதுவான இயல்பு.

அந்த அளவை அறியவே ஐ.என்.ஆர். என்னும் இரத்தப் பரிசோதனை. பொதுவாக அயோர்ட்டிக் இடத்தில் உலோக வால்வு உள்ளவருக்கு 2 முதல் 3 வரையும், மிட்ரல் இடத்தில் உள்ளவருக்கு 2.5 முதல் 3.5 வரையும் இருக்குமாறு மாத்திரையைக் கூட்டிக் குறைப்பர். குறைந்தால் உறையும், மிகுந்தால் கசியும். தொடக்கத்தில் வாரந்தோறும், பின்னர் மாதந்தோறும் பார்க்க வேண்டும். இரத்தம் உறையாமல் தடுக்கும் புதிய மருந்துகள் சில கடைகளில் வந்துள்ளன. பரிசோதனை தேவையில்லை என்று கூறி அவற்றை யாரேனும் பரிந்துரைக்கலாம். உலோக வால்வுக்கு அவை ஆகா. டாபிகாட்ரான் என்ற மருந்தை உலோக வால்வு நோயாளிகளிடம் சோதித்தபோது இரத்தக் கட்டியும் இரத்தக் கசிவும் கூடியதால் அந்த ஆய்வையே பாதியில் நிறுத்தினர். அதன் முடிவு 2013 இல் வெளியாயிற்று.

வீட்டார் செய்ய வேண்டியவை எளியவை. மாத்திரையை நாள்தோறும் ஒரே நேரத்தில், இஷாத் தொழுகைக்குப் பின் எனக் குறித்துக்கொண்டு, கொடுங்கள். ஒரு குறிப்பேட்டில் தேதி, மாத்திரை அளவு, ஐ.என்.ஆர். எண் ஆகிய மூன்றையும் எழுதி வாருங்கள். மறந்துவிட்டால், அன்றைக்குள் நினைவு வந்தால் கொடுக்கலாம். மறுநாள் இருமடங்காகக் கொடுக்கலாகாது. கீரையை அறவே தவிர்க்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு வாரம் நாள்தோறும் முருங்கைக் கீரையும் அடுத்த வாரம் ஒன்றுமேயில்லை என்றும் மாறி மாறி உண்டால் மாத்திரையின் வேகமும் மாறும். உண்ணும் அளவு சீராக இருக்கட்டும். மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்றவற்றை மருத்துவரைக் கேளாமல் தரவே கூடாது. கருஞ்சீரகம், பூண்டு மாத்திரை, நாட்டு மருந்து எதுவாயினும் மருத்துவரிடம் கூறிய பின்னரே தர வேண்டும். ஹிஜாமா என்னும் இரத்தம் குத்தி எடுக்கும் முறையைச் சுன்னத்தென விரும்புவோர் பலர். இம்மாத்திரை உண்பவருக்கு அது ஆபத்து. இன்னதென அறிந்தும் உயிரை அபாயத்துக்கு உள்ளாக்குவதை மார்க்கம் விரும்பவில்லை.

எங்கள் பகுதியில் நிகழ்ந்த ஒன்றைப் பெயர் கூறாது சொல்கிறேன். உலோக வால்வு பொருத்திய ஒரு தாயார் ஆறாண்டுகள் நலமாக வாழ்ந்து வந்தார். ஒரு ரமளானில் உறவினர் ஒருவர், “நோன்பின் பரக்கத்தே போதும், மாத்திரை எதற்கு?” என்றார். தாயாரும் மகிழ்ந்து நிறுத்திவிட்டார். மகனுக்குத் தெரியாது, குறிப்பேடும் இல்லை. மாதம் முடியுமுன் ஒரு ஸஹர் வேளையில் அவருடைய வலக்கை துவண்டது, நாவும் எழவில்லை. மகன் என்னிடம் வந்து கேட்டது, “அம்மா விட்ட நோன்புகளுக்கு எவ்வளவு ஃபித்யா கொடுக்க வேண்டும், ஹஜ்ரத்?” என்பதே. ஃபித்யாவின் கணக்கைச் சொன்னேன். ஓதிய நாவு பேச்சிழந்ததற்கு எந்தக் கணக்கும் என்னிடம் இல்லை. இஷாவுக்குப் பின் ஒரு மாத்திரை உண்பதால் அந்த நோன்புகளில் ஒன்றுகூடக் குறைவுபட்டிராது என்பதை அக்குடும்பத்தில் ஒருவரேனும் அறிந்திருக்க வேண்டாமா?

காலைதோறும் கவனிக்க வேண்டியவை

வால்வு நோயாளியின் வீட்டில் எடை பார்க்கும் கருவி ஒன்று இருப்பது அவசியம். காலையில் சிறுநீர் கழித்தபின், உண்பதற்கு முன் எடை பார்த்து எழுதுங்கள். இரண்டு மூன்று நாட்களில் 2 கிலோ கூடினால் அது சதையன்று. உடலில் தேங்கிய நீர். காலில் வீக்கம், படுத்தால் மூச்சுத்திணறல், நேற்று வரை ஒரு தலையணை போதுமாயிருந்தவர் இன்று மூன்று கேட்பது ஆகியவையும் அதே எச்சரிக்கைதான். உப்பு நாளொன்றுக்கு ஒரு தேக்கரண்டிக்கு, அதாவது 5 கிராமுக்கு, மேற்படலாகாது. ஊறுகாய், கருவாடு, அப்பளம் ஆகிய மூன்றும் நம் ஊர்ச் சமையலில் ஒளிந்திருக்கும் உப்பு மூட்டைகள்.

பல் துலக்குவதிலும் ஓர் இதயப் பாதுகாப்பு உண்டு. அழுக்கான பற்களிலுள்ள கிருமி இரத்தத்தில் கலந்து செயற்கை வால்வில் குடியேறினால் உயிருக்கே கேடு. மிஸ்வாக்கை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எத்துணை வலியுறுத்தினார்கள் என்பதை அறிந்த சமுதாயம் நாம். ஈறு புண்படாதவாறு மென்மையாகத் துலக்க வேண்டும். பல் பிடுங்கும் முன் வால்வு பற்றிப் பல் மருத்துவரிடம் கூறினால், தேவையான கிருமிக்கொல்லி மருந்தை முன்னதாகவே தருவார். நோயாளிக்கு இரண்டு மூன்று நாட்கள் காய்ச்சல் நீடித்தால் கடையில் மாத்திரை வாங்கி உண்ணலாகாது. முதலில் இரத்தத்தைக் கிருமிச் சோதனைக்கு எடுத்தபின்னரே மருந்து தொடங்க வேண்டும். முந்திக்கொண்டால் கிருமியை இனங்காண முடியாமற் போகும்.

முகம் ஒருபுறம் கோணுதல், கை துவளுதல், பேச்சுக் குழறுதல், மலம் கரிய நிறமாகப் போதல், சிறுநீரில் இரத்தம், தலையில் அடிபடுதல் ஆகிய எதுவும் நேர்ந்தால் விடியட்டும் என்று காத்திராமல் 108 வாகனத்தை அழையுங்கள். நோயாளியின் பணப்பையில், ‘எனக்குச் செயற்கை வால்வு உள்ளது, இன்ன மாத்திரை உண்கிறேன்’ என்ற சிறு அட்டை எப்போதும் இருக்கட்டும்.

தொழுகையும் நோன்பும்

மூல நோயால் வருந்திய இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நின்று தொழ முடியாவிடில் உட்கார்ந்தும், அதுவும் முடியாவிடில் விலாப்புறமாகச் சாய்ந்தும் தொழுமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். மார்பெலும்பு கூடும்வரை, கைகளை ஊன்றி ஸுஜூதுக்குச் செல்வது எலும்பை விலக்கக்கூடும். நாற்காலியில் அமர்ந்து, ருகூஉக்குச் சிறிதும் ஸுஜூதுக்குச் சற்று அதிகமாகவும் தலை குனிந்து தொழலாம். காயத்தில் தண்ணீர் படலாகாதெனில் உளூவுக்கும் குளிப்புக்கும் உரிய சலுகைகளை உங்கள் மத்ஹபுப்படி ஊர் ஆலிமிடம் கேட்டறியுங்கள். சலுகையை ஏற்பது ஈமானின் குறைவன்று. அதுவும் அல்லாஹ்வின் கொடையே.

நோன்பைப் பொறுத்தவரை ஷஅபான் மாதத்திலேயே மருத்துவரிடம் சென்று கேளுங்கள். நிலை சீராக உள்ள சிலருக்கு, மாத்திரை வேளைகளை இஃப்தாருக்கும் ஸஹருக்கும் மாற்றி அமைத்து அவர் அனுமதிக்கக்கூடும். வால்வு மிகச் சுருங்கியவர், இதயம் தளர்ந்து நீரிறங்கும் மாத்திரை உண்பவர், அண்மையில் அறுவை ஆனவர் ஆகியோருக்கு வேண்டாம் என்பார். அவ்வாறாயின் 2:185 ஆம் வசனம் நோயாளிக்கு அளித்துள்ள சலுகையை மனநிறைவோடு ஏற்றுக்கொள்ளுங்கள். குணமாகும் நம்பிக்கை உள்ளவர் பின்னர் களாச் செய்வார். அந்நம்பிக்கை இல்லாதவர் ஒரு நோன்புக்கு ஓர் ஏழை வீதம் ஃபித்யா கொடுப்பார். பரிசோதனைக்காக இரத்தம் எடுப்பதால் நோன்பு முறிவதில்லை. நோன்பு மாதத்தில் உணவு மாறுவதால் ஐ.என்.ஆர். எண்ணும் மாறக்கூடும், இடையில் ஒருமுறை கூடுதலாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெண்மக்களுக்குச் சில சொற்கள்

வார்ஃபரின் உண்ணும் பெண், மருத்துவரோடு கலந்து திட்டமிட்ட பின்னரே கருவுற வேண்டும். கருவின் தொடக்க வாரங்களில் அது சிசுவின் உறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கும். அதற்கஞ்சித் தானாக நிறுத்தினாலோ தாயின் வால்வு அடைபடும். நாள் தள்ளிப்போனால் அன்றே மருத்துவரைக் காண வேண்டும். இம்மாத்திரையால் மாதவிலக்கு மிகுதியாகப் போகலாம். அதை மறைக்காமல் கூறுங்கள். ஹனஃபி மத்ஹபில் 10 நாட்கள், ஷாஃபிஈ மத்ஹபில் 15 நாட்கள் என்ற உச்ச வரம்பைக் கடந்து தொடரும் இரத்தம் இஸ்திஹாளா எனப்படும். அதற்காகத் தொழுகையை விடலாகாது.

நெஞ்சில் தழும்புள்ள மகளின் நோயை மறைத்துத் திருமணம் முடிக்கும் பெற்றோர் உண்டு. புகுந்த வீட்டில் மாத்திரையை உண்ண ஒளிவிடம் தேடி, ஒருநாள் உண்டு ஒருநாள் விட்டு அப்பெண் அழிகிறாள். நிக்காஹ் என்னும் உடன்படிக்கையில் உண்மை மறைப்பது நம்பிக்கை மோசடி. அதற்கு விலையாக மகளின் உயிர் போகவும் கூடும். உண்மையைக் கூறுங்கள். அறிந்து ஏற்கும் மணமகன் ஒருவன் கிடைக்கும்வரை காத்திருப்பது அவமானமன்று.

பேணுபவர் யார்?

நம் இல்லங்களில் இந்தப் பணியனைத்தும் பெரும்பாலும் மருமகள் தலையிலேயே விழுகின்றது. அவள் மனமுவந்து செய்தால் அல்லாஹ்விடம் பெருங்கூலி உண்டு. ஆயினும் பெற்றோரைப் பேணும் கடமை மார்க்கத்தில் மகன் மீதும் மகள் மீதுமே உள்ளது. மருத்துவமனை வரிசையில் நிற்பது, குறிப்பேட்டை எழுதுவது, இரவு மாத்திரையைத் தன் கையால் தருவது ஆகியவற்றை மகன் செய்யட்டும். அலுவல் காரணமாக வெளிநாட்டில் இருப்பவர் பணம் அனுப்புவதோடு நில்லாமல், “இம்மாதம் ஐ.என்.ஆர். எவ்வளவு?” என்று தொலைபேசியில் கேட்கட்டும். அந்த ஒரு கேள்வியில் அன்பும் உண்டு, பாதுகாப்பும் உண்டு.

ஜமாஅத் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். வால்வு அறுவைக்கு உதவி கேட்டு ஜும்ஆவில் அறிவித்தால் துண்டு நிறைகிறது. ஆனால் அறுவை முடிந்து மூன்றாண்டுகள் கழித்து, மாத்திரைக்கும் மாதப் பரிசோதனைக்கும் பணமின்றித் தவிக்கும் கூலித் தொழிலாளியை எவரும் கேட்பதில்லை. கேட்க அவருக்கும் நாணம். பெரிய தொகையை ஒருமுறை தந்து காப்பாற்றிய உயிரைச் சிறிய தொகை கிடைக்காமல் இழக்கின்றோம். ஸகாத்துக்கு உரியவரான ஏழை நோயாளியிடம் மாதந்தோறும் அதைச் சேர்ப்பிக்க ஒவ்வொரு பள்ளிவாசலும் ஒரு பட்டியல் வைத்திருந்தால் என்ன? நம் மஹல்லாவில் வால்வு மாற்றியவர் எத்தனை பேர் என்பதை இவ்வெள்ளிக்கிழமை விசாரித்துப் பாருங்கள், எண்ணிக்கை பெரிதாக இராது, செய்துமுடிக்கக் கூடியதே.

பழுதான கதவை மருத்துவர் மாற்றித் தருவார். அதைக் காக்கும் பொறுப்பை அல்லாஹ் நம் இல்லங்களிடம் ஒப்படைத்திருக்கிறான். நோயுற்றோர் அனைவருக்கும் அவன் முழு ஷிஃபாவை நல்குவானாக; அவர்களைப் பேணும் கைகளுக்கு வலிமையும் பொறுமையும் தந்தருள்வானாக. ஆமீன்.